மேல்வளைவில் யாருக்கும் குளிராது

அந்த ஊரின் உயரத்தைச் சொல்லும் பலகை பஸ் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. நகராட்சித் தலைவர் மாறும்போதெல்லாம் அதற்குப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள், அடிக்கும்போதெல்லாம் உயரமும் கொஞ்சம் கூடிவிடும். மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. ஊர் மட்டும் பெயின்டர் கையால் வளர்ந்துகொண்டே போனது. பக்கத்து மலைக்காரன் ஒருவன் வந்து, "இது தப்பான கணக்கு" என்றானாம். "நீ கீழ இருந்து பாக்குற, அதான் அப்படித் தெரியுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஊர் என்றால் ஒரே சாலைதான். அது மலையில் மூன்று இடத்தில் வளைந்து ஏறும். கீழ்வளைவில் கடைத்தெரு, பஸ் நிலையம். நடுவளைவில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலுவலகங்கள். மேல்வளைவில் பெரிய வீடுகள். ஒரு வளைவு ஏறினால் குளிர் ஒரு பங்கு கூடும், மரியாதை மூன்று பங்கு கூடும். சம்பந்தம் பேசுவதாக இருந்தால் முதல் கேள்வி, பையன் என்ன படித்திருக்கிறான் என்பதல்ல, எந்த வளைவு என்பதுதான்.

மேல்வளைவுக்காரர்களுக்குக் குளிராது. இது அந்த ஊரின் சட்டம். எங்கும் எழுதிவைக்கவில்லை, அதனால்தான் யாரும் மீறவில்லை. கோட்டும் குல்லாயும் கீழேயிருந்து வருகிற சுற்றுலாக்காரனுக்கு. மேல்வளைவுக்காரன் பனி கொட்டுகிற காலையிலும் ஒரே ஒரு பருத்திச் சட்டையோடு வாசலில் நின்று பல் விளக்குவான். அவனைப் பார்த்து "குளிருதா?" என்று கேட்டால், அவன் அப்பன் பெயரைச் சந்தேகப்பட்ட மாதிரி முறைப்பான்.

நம்முடைய ஆள் அந்த ஊரின் தையல்காரர். டெய்லர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கீழ்வளைவில் முன்னால் கடை, பின்னால் வீடு. சமவெளியிலிருந்து இளவட்டமாக வந்து சேர்ந்த முதல் பனிக்காலத்தில், குளிர் தாங்காமல், தைக்க வந்திருந்த துணிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கடையிலேயே தூங்கிவிட்டார். காலையில் சட்டை வாங்க வந்தவர் தன் சட்டையை டெய்லர் உடம்பில் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் தன் சட்டையை அதற்குக் கீழே பார்த்தார். ஊரே சிரித்தது. அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது: இந்த ஊரில் குளிர்வது தப்பில்லை, குளிர்வது தெரிவதுதான் தப்பு.

இந்த ஞானத்தைக் காசாக்கும் நேரம் சீக்கிரமே வந்தது. மேல்வளைவில் மரக்கடை வைத்திருந்தவரை எல்லாரும் ஒற்றைச்சட்டை என்பார்கள். பட்டப்பெயர்தான், ஆனால் பட்டம் மாதிரி. புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில், மரக்கடை வாசலில் ஒரு வெள்ளைச் சட்டையோடு இடுப்பில் கைவைத்து நிற்பார். சுற்றுலாக்காரர்கள் மலையைப் படம் எடுத்துவிட்டு அவரையும் எடுப்பார்கள். அவர் ஒருநாள் சாயங்காலம், கடை அடைக்கிற சமயத்தில், பின்சந்து வழியாக வந்தார்.

"டெய்லரே, ஒரு சின்ன வேலை. எனக்கில்ல, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு. உள்ள போட்டுக்கற மாதிரி மெல்லிசா ஒரு கம்பளி வேணுமாம். வெளிய தெரியக்கூடாதாம்."

"அளவு வேணுமே, ஐயா."

"என் அளவுதான்."

"வயசு?"

"என் வயசுதான். அட, நான்னே வச்சுக்கோயேன்!"

டெய்லர் யோசித்து யோசித்துச் செய்தார். தோல் நிறத்தில் சாயம் ஏற்றிய மெல்லிய கம்பளி. கழுத்து இல்லை, கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். முன்பக்கம் பொத்தான் வைத்தால் சட்டைக்கு மேலே மேடு தெரியும் என்று முதுகில் கொக்கி. அதற்கு மேலே போட வேண்டிய சட்டையையும் கம்பளியோடு அளவெடுத்து வெட்டினார். போட்டுப் பார்த்த ஒற்றைச்சட்டை கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

"வெளிய மூச்சு விடக்கூடாது, டெய்லரே. மேல்வளைவுல இப்படி ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சா என் மானம் போயிடும்."

"உங்களுக்கு மட்டும்தான் ஐயா. என் தொழில் மேல சத்தியம்."

அந்தச் சத்தியம் அடுத்த வாரம் வரைக்கும் உண்மையாக இருந்தது. பிறகு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் பின்சந்தில் வந்தார், தெரிந்த ஒருத்தருக்காக. அவர் மனைவி வந்தார், தெரிந்த ஒருத்திக்காக. ஒற்றைச்சட்டையின் சொந்த அண்ணனே வந்தார். அப்போது நகராட்சி உறுப்பினர், பின்னால் தலைவர். ஊரிலேயே உச்சியில் இருப்பது அவர் வீடுதான். ஒவ்வொருவரிடமும் டெய்லர், "உங்களுக்கு மட்டும்தான்" என்றார். இதில் என்ன குற்றம்? நோயாளியிடம் டாக்டர் "சரியாயிடும்" என்று சொல்வதில்லையா? சில வருஷத்தில் மேல்வளைவு முழுக்கக் கம்பளிக்குள் போய்விட்டது. ஒவ்வொரு ஆளும், ஊரில் தான் ஒருவன்தான் தோற்றவன், மற்றவனெல்லாம் இரும்பு என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

பின்சந்தில் ஆள் நடமாட்டம் கூடிக்கொண்டே போனதைப் பார்த்து டெய்லரின் மனைவி சொன்னாள்: "நம்ம வீட்டுக்கு முன்வாசல் எதுக்குங்க? அடைச்சுட்டு அங்கயும் ஒரு அலமாரி வச்சுரலாம்."

கம்பளி பின்னுவதெல்லாம் அவள்தான். வாய் சும்மா இருக்காது, ஆனால் வெளியே ஒரு வார்த்தை போகாது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்துவிட்டால் ஒருவரைச் சமையலறையில் உட்காரவைத்து டீ கொடுத்துப் பேச்சில் பிடித்துவைப்பாள். முன் அறையில் இருப்பவர் போனதும் டெய்லர் நடுக்கதவைத் திறப்பார். இருவரும் கண்ணால் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சாமர்த்தியத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, குளிர் இருந்தவரைக்கும்.

குளிர் சொல்லாமல் கொள்ளாமல் போக ஆரம்பித்தது. முதலில் பனி தள்ளி வந்தது, அப்புறம் இளைத்து வந்தது, அப்புறம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வெயில் காலத்தில் கீழ்வளைவில் மின்விசிறி விற்க ஒருவன் கடை போட்டான். மேல்வளைவிலும் இரண்டொருவர் வாங்கினார்கள். ஒட்டடை அடிக்க வசதியாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். மலைக்கு வெயில் வருமா? உயரமான ஊரில் அதெல்லாம் நடக்காது. பலகையைப் பாருங்கள்.

வெயில் வந்தால் கம்பளியைக் கழற்ற வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் வினை. சட்டையெல்லாம் கம்பளிக்கு மேலே அளவெடுத்தது. கம்பளி இல்லாமல் போட்டால் சட்டை கொடியில் தொங்குகிற மாதிரி தொங்கும். "என்ன, திடீர்னு இளைச்சுட்டீங்க?" என்று எவனாவது கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒற்றைச்சட்டையின் பாடு இன்னும் மோசம். வயதாக ஆக அவர் உடம்பு வற்றியது. அது தெரியாமலிருக்க டெய்லர் ஒரு அடுக்குக் கூட்டினார், அப்புறம் இன்னொன்று. அந்த அகன்ற மார்பைப் பார்த்து ஊரே மலைத்தது. அதில் பாதி மார்பு டெய்லருடையது.

"கொஞ்சம் கொஞ்சமா கம்பளியக் குறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா சட்டையப் பிடிச்சுத் தச்சுடலாம், ஐயா. யாருக்கும் தெரியாது" என்று டெய்லர் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தார்.

"அடுத்தவன் குறைக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றார்கள் எல்லாரும். அடுத்தவன் என்ன போட்டிருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாதே, அவன் குறைத்தது மட்டும் எப்படித் தெரியும்? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

டெய்லருக்கு ஒரே மகள். நடுவளைவு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அம்மாவின் வாய், அப்பாவின் கை. வேர்க்குரு பவுடர் அந்த வருஷம் மேல்வளைவுக்கு மூட்டை மூட்டையாகப் போனது. கேட்டால் எல்லாரும் "வீட்ல குழந்தைக்கு" என்றார்கள். பிள்ளைப்பேறே இல்லாத வீட்டுக்கும் பவுடர் போனது. தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் தடி ஊன்றி வந்து, "குழந்தைக்கு" என்று கூசாமல் வாங்கிப் போனார்.

ஒற்றைச்சட்டையின் மகனும் ஒருநாள் வந்தான். மரக்கடையில் அப்பாவுக்கு உதவியாக இருப்பவன், அதிகம் பேசாதவன்.

"குழந்தைக்கா?" என்று கேட்டாள் இவள், முகத்தைத் திருப்பாமலே.

"இல்லைங்க. எனக்குத்தான். முதுகெல்லாம் எரியுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேல்வளைவிலிருந்து அந்தக் கடைக்கு வந்த முதல் உண்மை அது. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது. பிடித்தது மெல்ல வளர்ந்து, இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, ஒற்றைச்சட்டை ஒரு மாதம் கோபப்பட்டு, பிறகு இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்ததற்குக் காரணம் உண்டு. டெய்லரைப் பகைத்துக்கொண்டால் தன் மார்புக்கு யார் உத்தரவாதம்?

டெய்லருக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழ்வளைவுப் பெண் நடுவளைவைத் தாண்டி நேராக மேல்வளைவுக்குப் போவதா! அவர் இத்தனை வருஷம் பின்வாசல் வழியாகவே பார்த்த மனிதர்கள் இனி முன்வாசலில் வந்து "சம்பந்தி" என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எதையும் தருவார். மகளுக்கோ அந்தப் பையன் வேண்டும். ஆசை வேறு வேறு, ஆனால் இரண்டு பேரின் ஆசையும் ஒரே கல்யாணத்தில்தான் தொங்கியது.

மேல்வளைவில் சம்பந்தம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு வீட்டில் எது உயரத்தில் இருக்கிறதோ அந்த வீட்டு முற்றத்தில், பனி விலகாத காலையில், இரண்டு குடும்பமும் வெறும் சட்டையோடு உட்கார்ந்து பேச வேண்டும். போர்வை கூடாது, நெருப்பு கூடாது. யார் முதலில் நடுங்குகிறார்களோ அவர்கள் பேச்சில் இறங்கிப்போக வேண்டும். பனி போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, முறை மட்டும் அப்படியே நின்றது.

சம்பந்தம் பேசுகிற அன்றைக்கு விடியுமுன்பே டெய்லர் பின்வாசல் வழியாக ஒற்றைச்சட்டை வீட்டுக்குப் போனார்.

"கொக்கி மேடு தெரியுதுய்யா. அண்ணன் முன்னாடி உக்காரணும். அவன் கண்ணு கழுகுக் கண்ணு" என்றார் ஒற்றைச்சட்டை.

"கொக்கிய எடுத்துட்டு உடம்புலயே வச்சுத் தச்சுடறேன். சாயங்காலம் வந்து பிரிச்சு விடறேன்."

மூன்று அடுக்குக் கம்பளி. முதுகில் கழுத்து முதல் இடுப்பு வரைக்கும் நெருக்கமான தையல். நூலைக் கத்தரித்துவிட்டுச் சின்னக் கத்தரிக்கோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து தானும் ஒரு கம்பளியை மாட்டிக்கொண்டார். மேலே குளிருமாம்! மனைவிக்கும் ஒன்று. மகளிடம் நீட்டியபோது அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"மேலயும் இதே சூரியன்தான்பா. எனக்கு வேணாம்."

"சொன்னாக் கேளு. நடுங்கினா மானம் போயிடும்."

"உங்களுக்குத்தான் நடுங்குது, இப்பவே" என்றாள்.

ஒற்றைச்சட்டை வீட்டு முற்றத்தில் எல்லாரும் வந்து உட்கார்ந்தாயிற்று: வீட்டுக்காரர், அவர் மனைவி, மகன், தலைமை ஆசிரியர் தம்பதி, பவுடர் வாங்கின அந்தத் தொண்ணூறு வயதுக் கிழவர், மேல்வளைவுச் சொந்தம் ஒரு கூட்டம். நகராட்சித் தலைவராகிய அண்ணனைக் காணோம். அவர் வராமல் பேச்சைத் தொடங்க முடியாது. அவசரக் கூட்டமாம். ஊரில் வெயில் அதிகம் என்று எவனோ பத்திரிகையில் எழுதிவிட்டான். ஊரில் வெயில் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவர் வந்து சேர்ந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது.

முற்றத்தில் நிழல் என்று சொல்ல ஒரு இலை இல்லை. சுற்றியிருந்த மரங்களையெல்லாம் ஒற்றைச்சட்டை எப்போதோ வெட்டி விற்றுவிட்டார். மரக்கடைக்காரர் வீட்டில் மரம் எப்படி நிற்கும்? தரையில் பாவிய கல் கொதித்தது. அதில் சுடச்சுட டீ வேறு வந்தது.

"என்ன குளிர்!" என்றார் தலைவர்.

"ஆமா, எலும்பு வரைக்கும் இறங்குது" என்றார் ஒற்றைச்சட்டை.

"உன் நெத்தியில என்ன?"

"பனி."

எல்லார் நெற்றியிலும் அந்தப் பனி வழிந்தது. மூக்கு நுனியில் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை. டெய்லருக்குக் கம்பளிக்குள் வெந்தது. மகள் ஒருத்திதான் வெறும் பருத்தி உடுப்பில் காற்றாட உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்தவளிடம் குசுகுசுத்தாள்: "பொண்ணுக்கு முகம் மாறவே இல்ல பாரு. மேல்வளைவு ரத்தம் மாதிரியே இருக்கு." டெய்லர் காதில் விழுந்தது. பூரித்துப்போனார்.

பேச்சு நன்றாகவே போனது. தலைவர் ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பேசினார். எழுந்து உள்ளே போகலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் குளிருக்குப் பயந்தவன் ஆகிவிடுவான். ஒற்றைச்சட்டையின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. பனி என்று சொன்ன வியர்வைகூட நின்றுபோனது. கல்யாணத் தேதி என்ற வார்த்தை வந்தபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் குழறியது. நாற்காலியோடு சாய்ந்து கல்லில் விழுந்தார்.

ஆளாளுக்கு ஓடினார்கள். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அது சட்டைக்குள் இறங்கிக் கம்பளியில் ஊறியதுதான் மிச்சம். அரை நினைவிலும் அவர் இரண்டு கையாலும் காலரைப் பிடித்துக்கொண்டார். "சட்டையத் தொடாதீங்க, தொடாதீங்க" என்று முனகினார்.

டெய்லரின் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நெருப்பாக் கொதிக்குது. உடம்பைக் குளிர வைக்கணும். உள்ள இருக்கறத அவுக்கணும், இப்பவே" என்றாள். மகன் சட்டையைத் தளர்த்தி, அப்பாவை ஒருக்களித்துப் பிடித்து, முதுகில் கையைவிட்டுக் கொக்கியைத் தேடினான். கொக்கி இல்லை. விரலுக்குத் தையல்தான் தட்டுப்பட்டது.

"அப்பா, கத்தரி குடுங்க!"

"இல்லம்மா, எடுத்துட்டு வரல" என்றார் டெய்லர்.

அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பையை மூடியிருந்தது. அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்றால், வெட்கக்கேடு, இதுதான் ஓடியது: இன்னும் கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துவிடுவார். எழுந்துவிட்டால் தேதி குறித்துவிடலாம். ஒரு தையலுக்கும் ஒரு உயிருக்கும் நடுவில் நின்று அவர் கணக்குப் பார்த்தார்.

மகள் அவரைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், வெட்டினால் இந்தக் கல்யாணம் முடிந்தது. மேல்வளைவுக்காரரின் மானத்தை முற்றத்தில் அவிழ்த்தவளை எந்த மாமியார் வீட்டுக்குள் விடுவாள்? எழுந்து வந்து, அப்பாவின் கையைத் தள்ளிவிட்டு, பையிலிருந்து கத்தரியை எடுத்துக்கொண்டு போனாள்.

கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே வெட்டு. மூன்று அடுக்கும் பிளந்து விழுந்தன. உள்ளே இருந்த ஆள் வேறு ஆள். விலா எண்ணலாம் போல இளைத்த ஒரு கிழவர், உடம்பு முழுக்கச் சிவந்த வேர்க்குரு. ஈரத்துணியைப் போர்த்தி, விசிறி, திண்ணை நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு ஏறி இறங்கியது. கண் திறந்தார்.

பிழைத்துவிட்டார் என்று தெரிந்தபின் எல்லாரும் கம்பளியைப் பார்த்தார்கள்.

"கம்பளியா! சே!" என்றார் தலைமை ஆசிரியர், தன் கம்பளிக்குள்ளிருந்து.

"இந்த வீட்லயா? நம்பவே முடியல" என்றாள் அவர் மனைவி, தன்னுடையதிலிருந்து.

தலைவர் எழுந்து நின்றார். அவர் நின்றால் யாரும் உட்கார மாட்டார்கள். "என் கூடப் பிறந்தவன் இப்படின்னு எனக்கே தெரியாது" என்றார் கனத்த குரலில். பிறகு டெய்லர் பக்கம் திரும்பினார். "நீங்க கீழ்வளைவா இருந்தாலும் மானஸ்தர். கம்பளி போட்ட வீட்டுக்கா பொண்ணு குடுக்கறதுன்னு நீங்க எழுந்து போனா, நாங்க தப்பா நினைக்க மாட்டோம்."

இதைக் கேட்டு ஒற்றைச்சட்டை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மகன் தலைகுனிந்து அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தான். மகள் கத்தரியைப் பிடித்தபடியே டெய்லரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்ற பார்வை. பெற்ற பிள்ளை அப்படிப் பார்த்தால் எந்த மனிதனுக்குத்தான் பொறுக்கும்?

டெய்லர் தன் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நானும் போட்டிருக்கேன், பாருங்க" என்றார்.

"நீங்க கீழ்வளைவு. நீங்க போடலாம்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

டெய்லரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, இன்னும் யாருக்குப் பயந்து நிக்கறீங்க? வேண்டாத நேரத்துல உங்களுக்கு வாய் நீளும், வேணும்னா ஊமை!" என்றாள்.

டெய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வேறு எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. கடையில் பேசுகிற அதே குரலில், அதே பணிவோடு கேட்டார்: "ஐயா, இடது அக்குள்ல தையல் உறுத்துதுன்னு போன வாரம் சொன்னீங்களே. பிரிச்சு வேற போட்டேன். இப்ப சரியா இருக்குங்களா?"

தலைவரின் கை தானாக இடது அக்குளுக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

டெய்லர் தலைமை ஆசிரியர் தம்பதி பக்கம் திரும்பினார். "சாருக்குத் தோள் இறுக்கலையே? அம்மா, உங்களுக்கு அந்தப் புதுசு ரொம்பக் கனமா? அடுத்ததுல ஒரு இழை குறைச்சுடறேன்."

ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொருவரிடமும் நின்று விசாரித்தார். உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரிச்சல் என்பார்கள். இங்கே உடம்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தொண்ணூறு வயதுக் கிழவர்தான் முதலில், "எவன்டா என்னை அவுத்து விடறது? செத்துருவேன் போலிருக்கு!" என்று கத்தினார். அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், கொக்கி கழற்ற. முற்றம் முழுக்கக் குழந்தைப் பவுடர் வாசனை. மேல்வளைவே பார்க்கப் பார்க்க இளைத்தது. சட்டைகள் தொளதொளவென்று ஆட, அத்தனை பேரும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்தார்கள்.

ஒற்றைச்சட்டையின் மனைவி, டெய்லர் மகளின் கையிலிருந்து கத்தரியை வாங்கி ஓரமாக வைத்தாள். "என் தாலிய நீதான் காப்பாத்தின. நீ இந்த வீட்டுக்குத்தான்மா. இனி யார் என்ன சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்" என்று அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். கல்யாணம் அப்படி முடிவாயிற்று. டெய்லர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

தலைவர் மெல்ல நடந்து போய்த் தம்பியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெறும் சட்டைக்குள் அவரும் குச்சியாகத்தான் இருந்தார்.

"நீயுமாடா?" என்றார்.

"நீயுமா அண்ணா? நான் உன்னப் பாத்துப் பாத்துத்தானே... இவன் நடுங்காம இருக்கான், நான் ஒருத்தன் இப்படிப் பொறந்துட்டேனேன்னு."

"நான் உன்னப் பாத்து அப்படி நினைச்சேன்."

பிறகு தம்பி சொன்னார்: "அம்மா போன அன்னிக்கு நான் அழுதுக்கிட்டே உன்கிட்ட வந்தேன். நீ பின்னால நகந்துட்ட. அதுக்கப்புறம் உன் வீட்டுப் படி நான் மிதிக்கல."

"கட்டிப்பிடிச்சா கைக்குக் கம்பளி தட்டுப்படுமேடா. உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு நகந்தேன்."

"என்கிட்டயும் இருந்துச்சே!"

"எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு கிழவர்களும் திரும்பி டெய்லரைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"அந்த வாரம் துக்கத்துக்குப் போட உன்கிட்டத்தானே கறுப்புச் சட்டை தச்சேன்" என்றார் ஒற்றைச்சட்டை. "அழுது அழுது கண்ணு தெரியாம உன் வீட்டுக்கு வந்தேன். அண்ணனும் வந்தானா?"

அந்தச் சாயங்காலம் டெய்லருக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு பேரும் போனபின் அவரும் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் நினைவிருந்தது. பொய் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை.

"வந்தாரு, ஐயா. அவரும் அழுதுக்கிட்டுத்தான் வந்தாரு. அவர் முன் அறையில இருந்தாரு, நீங்க சமையலறையில இருந்தீங்க. நடுக்கதவச் சாத்தினது நான்தான்."